கீஸாவுக்கு முதல் நாள் போகாதீர்கள்

எகிப்து சுற்றுலாவுக்கு எந்த நிறுவனத்திடம் பயணத் திட்டம் கேட்டாலும் முதல் நாள் மட்டும் மாறவே மாறாது. கெய்ரோவில் இறங்கி, ஓட்டலில் பையைப் போட்டுவிட்டு, மறுநாள் காலை நேரே கீஸா. மூன்று பிரமிடுகள், ஸ்ஃபிங்ஸ், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து ஒரு படம், வழியில் ஒரு பாப்பிரஸ் கடை, ஒரு அத்தர் கடை. மத்தியானம் மியூசியம். பொழுது மிச்சமிருந்தால் சக்காரா. அதற்கடுத்த நாள் லக்ஸருக்கு விமானம்.

இதில் சேர்த்திருக்கும் இடங்களில் குறையே இல்லை. குறை வரிசையில். கீஸாவின் பெரிய பிரமிடைப் பார்த்த கண்ணோடு சாயங்காலம் சக்காராவில் இறங்குகிறவர்களுக்கு அங்கே நிற்பது ஏதோ இடிந்துபோன படிக்கட்டாகத்தான் தெரியும். "இதுவும் பிரமிடுதானா?" என்று கேட்டுவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார்கள். மனிதர்கள் செதுக்கிய கல்லால் எழுப்பிய முதல் பெரிய கட்டடம் அது என்பது வழிகாட்டி சொல்லியும் மனதில் ஏறாது. உச்சத்தை முதலில் பார்த்துவிட்டால் அதற்கு ஏறிய வழி முழுக்கச் சப்பென்று ஆகிவிடும்.

அதனால் எகிப்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: கட்டிய வரிசையில் பாருங்கள். செலவு ஏறக்குறைய அதேதான். நாட்களும் பெரிதாகக் கூடாது. நைல் நதியும் பாதி ஒத்துழைக்கிறது. மிகப் பழைய பிரமிடுகள் வடக்கே கெய்ரோவை ஒட்டி இருக்கின்றன. அதற்கு ஆயிரம் வருஷம் பிந்திய கல்லறைகளும் கோயில்களும் தெற்கே லக்ஸரில். கிரேக்க, ரோமானிய ஆட்சிக் காலத்துக் கோயில்கள் அதற்கும் தெற்கே, அஸ்வான் போகிற வழியில். வடக்கிலிருந்து தெற்கே போனால் காலத்தில் முன்னே போகிறீர்கள். இடையிடையே இந்த ஒழுங்கு கலையும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நூறு வருஷப் பாடம்

முதல் நாள் காலை, சக்காரா. கெய்ரோவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரக் கார் பயணம், போக்குவரத்து நெரிசல் கருணை காட்டினால். பேரீச்சந் தோப்புகளைத் தாண்டியதும் சட்டென்று பச்சை முடிந்து பாலைவனம் தொடங்குகிறது. ஜோசர் மன்னருக்காக ஏறத்தாழ கி.மு. 2650-ல் எழுப்பிய ஆறு அடுக்குப் பிரமிடு அங்கே நிற்கிறது. உயரம் சுமார் 62 மீட்டர். அதைத் திட்டமிட்டவர் இம்ஹோதெப் என்பது மரபு. ஜோசரின் சிலைப் பீடம் ஒன்றில் மன்னர் பெயரோடு இவர் பெயரும் பட்டங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மன்னருக்குப் பக்கத்தில் அதிகாரியின் பெயர் ஏறுவது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை.

பிரமிடை நோக்கி ஓடாதீர்கள். வளாகத்தின் நுழைவாயிலில் நின்று தூண் மண்டபத்தைப் பாருங்கள். அங்கேதான் கதை இருக்கிறது. அதுவரை அவர்கள் கட்டியது பெரும்பாலும் மண் செங்கல், மரம், நாணல். முழுக்கக் கல்லில் பெரிதாக எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது. அதனால் தெரிந்ததையே கல்லில் செய்திருக்கிறார்கள். தூண்கள் நாணல் கட்டுகளைப் போல வரிவரியாக இருக்கும். தலைக்கு மேலே கூரைக் கல்லை மரக்கட்டைகளை அடுக்கியதுபோல் உருட்டிச் செதுக்கியிருப்பார்கள். ஓரிடத்தில் திறந்தபடி நிற்கும் கதவு ஒன்று உண்டு; அதுவும் கல், அசையாது. பெரிய வேடிக்கை, அந்தத் தூண்கள் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் குட்டைச் சுவரால் பின்சுவரோடு பிணைத்திருக்கிறார்கள். கல்தூண் தானே நிற்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இன்னும் வரவில்லை. கற்களும் செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிய, ஆட்கள் தூக்கக்கூடிய அளவுதான். இதே நாடு இன்னும் நூறு வருஷத்துக்குள் பல டன் கற்களை மலைபோல் அடுக்கப்போகிறது.

பிரமிடின் வடபுறம் ஒரு சின்னக் கல் அறை. கண் மட்டத்தில் இரண்டு துளைகள். எட்டிப் பார்த்தால் உள்ளிருந்து ஜோசர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அது நகல்; அசல் சிலை கெய்ரோவில். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மியூசியத்தில் தேவைப்படும்.

சக்காராவில் நேரத்தைச் செலவிட வேண்டிய இன்னொரு இடம் அதிகாரிகளின் கல்லறைகள். மெரெருக்கா என்ற மந்திரியின் கல்லறையில் முப்பதுக்கு மேல் அறைகள். சுவரெல்லாம் அன்றாடம்: வலை வீசுகிறார்கள், நீர்யானை வாயைப் பிளக்கிறது, கழுதைகள் சுமக்கின்றன, வரி பாக்கி வைத்த ஊர்த் தலைவர்களைக் கழுத்தைப் பிடித்துக் கணக்குப்பிள்ளைகள் முன்னால் இழுத்து வருகிறார்கள். கணக்குப்பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மன்னர்களின் கல்லறைகளில் கடவுள்கள் நிறைந்திருப்பார்கள். மனிதர்களைப் பார்க்க மந்திரிகளின் கல்லறைக்குத்தான் வர வேண்டும். சக்காராவிலேயே உனாஸ் மன்னரின் பிரமிடும் உண்டு. வெளியே பார்த்தால் மண்மேடு. உள்ளே, கி.மு. 2350 வாக்கில் வெட்டிய சமய வாசகங்கள் சுவர் முழுக்க. பிரமிடுக்குள் இப்படிப்பட்ட வாசகங்கள் வந்தது இங்கேதான் முதல்முறை.

மத்தியானம் தஹ்ஷூர். இங்கே கூட்டமே இருக்காது, அதற்காகவே போகலாம். இரண்டு பெரிய பிரமிடுகள், இரண்டும் ஸ்னெஃப்ரு என்ற ஒரே மன்னருடையவை. ஒரு மன்னருக்கு எதற்கு இரண்டு? முதலாவதைப் பார்த்தால் பதில் தெரியும். கீழ்ப்பாதி ஏறத்தாழ 54 டிகிரிச் சாய்வில் விறைப்பாக ஏறுகிறது. நடுவழியில் திடீரென்று 43 டிகிரிக்குப் படுத்துவிடுகிறது. பாரத்தில் உள்ளே விரிசல் விடத் தொடங்கியதும் சாய்வைக் குறைத்திருக்கிறார்கள் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இன்ஜினியர்கள் எடுத்த பதற்ற முடிவு நாலாயிரத்து அறுநூறு வருஷமாக அப்படியே நிற்கிறது. அடுத்ததை முதலிலிருந்தே 43 டிகிரியில் கட்டினார்கள். அதுதான் சிவப்புப் பிரமிடு. பக்கங்கள் வழுவழுப்பாக முடிந்த முதல் முழு வெற்றி.

சிவப்புப் பிரமிடுக்குள் இறங்குங்கள். வெளிப்புறப் படியில் சுமார் 28 மீட்டர் ஏறி, பிறகு அறுபது மீட்டருக்கு மேல் குனிந்தபடியே ஒரு குறுகிய சரிவில் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் மூச்சுத் திணறல் உள்ளவர்களும் வேண்டாம். நெடி அடிக்கும். கீழே நிமிர்ந்து நின்றால், பக்கச் சுவர்களின் கற்கள் ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீண்டு மேலே போய் ஒன்றுசேர்வதைப் பார்க்கலாம். அந்தக் கூரையை நன்றாகப் பார்த்து வையுங்கள்.

இரண்டாம் நாள்தான் கீஸா. ஸ்னெஃப்ருவின் மகன் கூஃபு. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 230 மீட்டர், முதலில் 146.6 மீட்டர் உயரம், சாய்வு 52 டிகிரியை ஒட்டி. அப்பா பயந்து கைவிட்ட சாய்வுக்குக் கிட்டத்தட்டத் திரும்பி வந்திருக்கிறார்கள், இந்த முறை தயங்காமல். உள்ளே போக டிக்கெட் தனி. பலர் "உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கல்தான்" என்று தடுப்பார்கள். உண்மைதான், மன்னரின் அறையில் மூடியில்லாத கருங்கல் பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை, சுவரில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆனால் அந்த அறைக்கு ஏறுகிற வழியில் 47 மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரும் நடை இருக்கிறது. எட்டரை மீட்டர் உயரம். இரு பக்கச் சுவரும் வரிசை வரிசையாக உள்நோக்கி நெருங்கி மேலே போகின்றன. நேற்று தஹ்ஷூரில் பார்த்த அதே கூரை, சாய்வான பாதையில், இன்னும் துணிச்சலாக. நேற்று போகாதவர்களுக்கு இது ஒரு பெரிய இருட்டுப் படிக்கட்டு. போனவர்கள் கட்டியவர்களின் கையைக் கண்டுகொள்வார்கள்.

ஜோசரிலிருந்து கூஃபு வரை ஏறக்குறைய நூறு வருஷம். தாத்தாவின் காலத்தில் தூணைத் தனியே நிறுத்தப் பயந்தவர்கள், பேரன் காலத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கற்களை அடுக்கிவிட்டார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வந்து கட்டிக்கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளுக்குப் பதில் சொல்லிச் சலித்தவர்கள் தஹ்ஷூரின் அந்த வளைந்த பிரமிடைக் காட்டினால் போதும். வேற்றுக்கிரகவாசிகள் பாதி வழியில் கணக்கைத் திருத்தியிருக்க மாட்டார்கள்.

கூலியாட்களின் குறிப்பே கிடைத்திருக்கிறது. செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013-ல் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு எடுத்த பாப்பிரஸ் சுருள்களில், மெரெர் என்ற மேற்பார்வையாளரின் வேலைப் பதிவும் உண்டு. நைலின் மறுகரையில் தூரா சுரங்கத்திலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கூஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுவந்த கணக்கு. இன்று எங்கே தங்கினோம், நாளை எங்கே போகிறோம் என்பது மட்டும்தான், ஓர் அலங்காரச் சொல் இல்லை. உலகில் எழுத்தோடு கிடைத்த பாப்பிரஸ்களில் மிகப் பழையவை இவைதான்.

கீஸாவில் நடைமுறைத் தொல்லைகள் உண்டு. ஒட்டகக்காரர்களிடம் விலை பேசாமல் ஏறினால் இறங்குவதற்குத் தனிக் காசு கேட்பார்கள். ஏறுவதா என்பது உங்கள் விருப்பம். இளைத்துப்போன குதிரைகளைப் பார்த்தபின் எனக்கு மனம் வராது. இப்போது ஃபையூம் சாலைப் பக்கம் புதிய நுழைவாயில் வைத்து, உள்ளே மின்சாரப் பேருந்துகள் விட்டிருக்கிறார்கள். இதனால் தொந்தரவு குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

மேற்குக் கரைக்கு இரண்டு காலை

லக்ஸருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். ரயிலிலும் போகலாம், இரவு முழுக்க ஆகும். நைலின் கிழக்குக் கரையில் ஊரும் கோயில்களும். மேற்குக் கரையில், சூரியன் மறையும் பக்கம், செத்தவர்களின் இடம். சுற்றுலா நிறுவனங்கள் மேற்குக் கரையை ஒரே காலையில் முடித்துவிடும்: மன்னர் பள்ளத்தாக்கு, ஹட்ஷெப்சுட் கோயில், மெம்னன் சிலைகள், ஒரு பளிங்குப் பட்டறை. பளிங்குப் பட்டறை அவர்களுக்குக் கமிஷன், உங்களுக்கு ஒரு மணி நேர நஷ்டம். இரண்டு காலை வேண்டும் என்று முதலிலேயே அடித்துச் சொல்லிவிடுங்கள்.

மன்னர் பள்ளத்தாக்கில் அறுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள். சாதாரண டிக்கெட்டில் மூன்றுக்குள் போகலாம். எவை திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். துத்தன்காமுன், முதலாம் செத்தி, ஆறாம் ராம்சஸ் ஆகிய மூவருக்கும் தனித்தனி டிக்கெட். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் துத்தன்காமுனை விடுங்கள் என்று பலர் சொல்வார்கள். கல்லறை சின்னது, ஓர் அறையில்தான் ஓவியம். நான் வேறு மாதிரி சொல்வேன். அந்தப் பையன் இன்னும் அங்கேதான் கிடக்கிறான். பள்ளத்தாக்கின் மற்ற மன்னர்களின் உடல்கள் பெரும்பாலும் கெய்ரோவுக்குப் போய்விட்டன. அந்த நாலு குட்டி அறைகளிலிருந்துதான் ஹாவர்ட் கார்ட்டர் என்ற ஆய்வாளர் 1922 நவம்பர் தொடங்கிப் பத்து வருஷம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களை எடுத்தார். அறையின் சிறுமையைக் கண்ணால் பார்த்தால்தான் கெய்ரோவில் அந்தப் பொருட்களைப் பார்க்கும்போது தலை சுற்றும்.

ஆறாம் ராம்சஸின் கல்லறையில் மேலே பாருங்கள். வானத்துத் தெய்வமான நூட், கூரை நெடுக நீண்டு கிடக்கிறாள். சாயங்காலம் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் உடம்புக்குள் நடத்தி, விடிகாலையில் பெற்றெடுக்கிறாள். பிறகு சுவரின் கீழ்ப்பக்கம் பாருங்கள். கிறுக்கல்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் பெயர்கள். ரோமானியர் காலத்திலேயே இது சுற்றுலாத் தலம். பள்ளத்தாக்கின் கல்லறைகளில் இப்படி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவே தமிழ்-பிராமி எழுத்துகளும் உண்டு என்று லோசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ராக்கும் பிரெஞ்சு ஆய்வாளர் ஷார்லட் ஷ்மிட்டும் அண்மையில் அடையாளம் கண்டு சொன்னார்கள். பிராகிருதம், சமஸ்கிருதம் என்று மற்ற இந்திய மொழிக் கீறல்களும் கூடவே. கொற்றன் என்று ஒருவர், ஒன்றல்ல, பல கல்லறைகளில் பெயரைக் கீறிவைத்துவிட்டு வந்திருக்கிறார். மிளகு ஏற்றிவந்த கப்பலில் வந்தவராகவோ வேறு வேலையாய் வந்தவராகவோ இருக்கலாம். துறைமுகத்தில் சரக்கை இறக்கியதோடு திரும்பாமல், பாலைவனத்தைக் கடந்து, நைலையும் கடந்து, ஊர் பார்க்கப் போயிருக்கிறார். நம் ஆட்கள் போன இடத்தில் பெயர் எழுதாமல் வருவதில்லை என்பது இவ்வளவு பழைய வழக்கமா! இன்றைக்கு எழுதினால் போலீஸ் வரும்.

இரண்டாவது காலையை டெய்ர் எல்-மெதீனாவுக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான திட்டங்களில் இந்தப் பெயரே இருக்காது. மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்தவர்கள், தீட்டியவர்கள், அவர்கள் குடும்பங்கள் வாழ்ந்த கிராமம் இது. வீடுகளின் அடிச்சுவர்கள் இடுப்பளவுக்குக்கூட இல்லை, ஆனால் தெரு தெரிகிறது, வாசல் தெரிகிறது, எந்த அறைக்குப் பின்னால் எந்த அறை என்று தெரிகிறது. இவர்களில் பலருக்கு எழுதத் தெரிந்திருந்தது. பாப்பிரஸ் விலை அதிகம் என்பதால் சுண்ணாம்புக்கல் சில்லுகளில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கடன் கணக்கு, சண்டை, சலவைப் பட்டியல், காதல். அவற்றில் ஒன்று இரண்டாம் ராம்சஸின் 40-ம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நாற்பது ஆட்கள், யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதியிருக்கிறது. ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவர் பீர் காய்ச்சப் போய்விட்டார். சிலர் வீட்டில் இறந்தவரின் உடலைப் பதப்படுத்தும் வேலை. சிலர் வீட்டில் மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு, அதனால் ஆண்பிள்ளை லீவு. இதைக் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் பார்த்துவிட்டுப் போய் அந்தத் தெருவில் நின்றால், இடிந்த சுவர்களுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

இதே ஆட்கள்தான் வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தத்தையும் செய்தார்கள். மூன்றாம் ராம்சஸின் 29-ம் ஆட்சியாண்டு, கி.மு. 1157 வாக்கில். கூலி என்பது தானியம். அது வரவில்லை, நாள் கடந்துகொண்டே போனது. காவல் சாவடிகளைத் தாண்டி நடந்துபோய் மன்னர்களின் கோயில்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசி, தாகம், துணியில்லை, எண்ணெயில்லை என்று அவர்கள் சொன்னதை எழுதிவைத்த பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் நகர மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் கிராமத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அதே மூன்றாம் ராம்சஸ் கட்டிய மெதினெத் ஹாபு கோயில். சுவர்களில் மன்னர் எதிரிகளைத் துவம்சம் செய்துகொண்டிருக்கிறார். எழுத்துகளைப் புறா உட்காரும் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள், பின்னால் வருகிற மன்னர் எவரும் அழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாதபடி. கிராமத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சுவர் முன் நின்றால் அதன் பெருமை வேறு மாதிரி காதில் விழும். போகும் வரிசையும் இதுதான்: முதலில் கிராமம், பிறகு கோயில்.

கிழக்குக் கரையைச் சாயங்காலங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கர்னக்கின் 134 தூண் மண்டபத்தை எழுதிக் காட்ட என்னால் ஆகாது, போய் நில்லுங்கள். லக்ஸர் கோயிலை இருட்டியபின் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. வாசலில் ஒற்றை ஸ்தூபிதான் (ஓபெலிஸ்க்) நிற்கும். ஜோடி 1836-லிருந்து பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் நிற்கிறது. உள்ளே முற்றத்தின் மேல் அபு ஹக்காக் மசூதி. அதன் பழைய வாசல் இப்போது தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் திறக்கிறது. மசூதி கட்டியபோது தரைமட்டம் அங்கேதான் இருந்தது; கோயிலின் பாதி மண்ணுக்குள் கிடந்தது.

ஆற்றோடு

லக்ஸரிலிருந்து அஸ்வானுக்குக் கப்பலில் போவதில் ஆடம்பரத்தை விட சௌகரியமே பெரிது. மூன்று நாலு இரவு, பெட்டியைக் கட்டிப் பிரிக்கும் வேலையில்லை, வழியில் இரண்டு கோயில். காசு சேமிக்க வேண்டுமென்றால் ரயிலில் மூன்று நாலு மணி நேரத்தில் அஸ்வான் போய்விடலாம், ஆனால் கோயில்கள் விட்டுப்போகும். எட்ஃபுவில் ஹோரஸ் கோயிலைக் கட்டத் தொடங்கியது கி.மு. 237-ல், முடித்தது 57-ல். எகிப்தில் கூரையோடு முழுதாக நிற்கும் கோயில்களில் முதலிடம் இதற்குத்தான். காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை மணல் மூடிக் காப்பாற்றியது, அதன் மேல் ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். கட்டியவர்கள் கிரேக்க வம்சத்து மன்னர்கள், ஆனால் சுவரில் பழைய பாரோக்கள் மாதிரியே வேஷம் போட்டு நிற்பார்கள். கோம் ஓம்போ சின்னது. பாதி முதலைக் கடவுளுக்கான கோயில், பதப்படுத்திய முதலைகளைப் பார்க்கலாம், ஒரு மணி நேரம் போதும்.

அஸ்வானில் முடிக்கப்படாத ஸ்தூபி ஒன்று பாறையிலேயே படுத்துக் கிடக்கிறது. கிட்டத்தட்ட 42 மீட்டர், ஆயிரம் டன்னுக்கு மேல். வெட்டும்போதே விரிசல் விட்டது, போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தஹ்ஷூரின் வளைந்த பிரமிடோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியது.

அபு சிம்பெல் இங்கிருந்து 280 கிலோமீட்டர். விடிவதற்கு முன் கிளம்பி மத்தியானத்துக்கு மேல் திரும்ப வேண்டும். இரண்டாம் ராம்சஸ் குடைந்த கோயில், எட்ஃபுவை விட ஆயிரம் வருஷம் பழையது. இங்கேதான் நம் வரிசை உடைகிறது, பரவாயில்லை. அஸ்வான் உயர் அணையின் நீர் மூழ்கடிக்க வந்தபோது 1964-லிருந்து 1968 வரை கோயிலைப் பாளம் பாளமாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் பின்னால் தள்ளி மறுபடி பொருத்தினார்கள். வருஷத்தில் இரண்டு நாள் கருவறை வரை வெயில் விழும். பிப்ரவரி 22, அக்டோபர் 22. அந்த நாட்களில் கூட்டம் நெரியும், வேடிக்கைக்குப் போகிறவர்கள் போகட்டும். நாள் போதவில்லை என்றால் நான் அபு சிம்பெலை விட்டுவிட்டு டெய்ர் எல்-மெதீனாவை வைத்துக்கொள்வேன். இதை ஏற்கிறவர்கள் குறைவு.

விடக் கூடாதது ஃபிலே. இதுவும் அணையிலிருந்து தப்பிப் பக்கத்துத் தீவுக்கு இடம் மாறிய கோயில். படகில் போக வேண்டும். இங்கே ஹேட்ரியன் வாசல் சுவரில், எகிப்தியச் சித்திர எழுத்தில் தேதியோடு கிடைத்த கடைசிக் கல்வெட்டு இருக்கிறது: கி.பி. 394, ஆகஸ்ட் 24. எஸ்மெத்-அகோம் என்ற பூசாரி வெட்டியது. அதற்குப் பிறகு 1822-ல் ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டும் வரை, எகிப்து முழுக்கச் சுவர்களில் எழுதியிருந்ததைப் படிக்க உலகில் ஆளில்லை. சக்காராவில் உனாஸின் பிரமிடுக்குள் பார்த்த சுவர் எழுத்து இந்த வாசலில் முடிகிறது. வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைக் காட்டுவதில்லை, கேட்டால் காட்டுவார்கள்.

அலெக்சாண்ட்ரியாவை ஒருநாள் பயணமாகச் சேர்க்கச் சொல்வார்கள். கலங்கரை விளக்கம் போய்விட்டது, பழைய நூலகம் போய்விட்டது, இப்போதுள்ள நூலகம் 2002-ல் திறந்தது. நல்ல கடற்கரை ஊர், இன்னொரு முறை போகலாம்.

போகும் முன்

அக்டோபர் கடைசி தொடங்கி மார்ச் வரை நல்ல பருவம். கோடையில் லக்ஸரும் அஸ்வானும் 40 டிகிரியைத் தாண்டும், நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். மன்னர் பள்ளத்தாக்கில் நிழல் கிடையாது. ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து இப்போது இந்தப் பருவத்துக்குள் விழுகிறது. அந்த மாதத்தில் தலங்களைச் சீக்கிரம் மூடுவார்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போவது வழக்கம். மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கெய்ரோவுக்கு நேரடி விமானம் உண்டு. விசா விதிகள் மாறுகின்றன, விமான டிக்கெட் எடுக்கும் முன் எகிப்துத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள், தெரிந்தவர் போன வருஷம் சொன்னதை நம்ப வேண்டாம்.

பெரிய தலங்களின் கவுன்ட்டர்களில் பெரும்பாலும் கார்டுதான் வாங்குகிறார்கள். ஆனால் சில்லறை நோட்டு ஒரு கட்டு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். கல்லறைக் காவலாளி தானாக வந்து ஓர் ஓவியத்தின் மேல் டார்ச் அடிப்பார், அடித்தால் இனாம், அவர்கள் பேச்சில் பக்‌ஷீஷ். கழிப்பறையில் காகிதம் நீட்டுபவருக்கு, பெட்டி தூக்குபவருக்கு, வண்டிக் கதவைத் திறப்பவருக்கு. கோபப்பட்டுப் பயனில்லை, இவ்வளவு என்று ஒரு தொகையை மனதில் ஒதுக்கிவிட்டால் நிம்மதி. வேண்டாத இடத்தில் "லா, ஷுக்ரன்" என்று சொல்லி நடையைத் தொடருங்கள். நின்று பதில் சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சைவர்கள் பட்டினி கிடக்கும் ஊரல்ல. சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம், மேலே தக்காளிச் சாறு: கோஷரி. ஒரு கிண்ணம் மத்தியானத்துக்குப் போதும். காலையில் அவரை இனத்துப் பருப்பை வேகவைத்து மசித்த ஃபூல், அதே பருப்பில் சுட்ட தாமியா. முலுகியா என்ற கீரைக் குழம்பு பார்க்கச் சைவமாக இருக்கும், கோழிச் சாற்றில் செய்வது வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் சுற்றிவிட்டு வந்து குடிக்கும் கர்க்கடே நம் புளிச்சக்கீரை இனத்துப் பூவிலிருந்து வடித்தது. புளிப்பு நாக்குக்குச் சொந்தமாகத் தெரியும்.

மியூசியம் கடைசியில்

மியூசியங்களைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வதற்கும் அதே காரணம்தான். இடத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டி கண்ணாடிப் பெட்டியாகக் கடந்துபோகும். கெய்ரோவில் இப்போது மூன்று இருக்கின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது. தஹ்ரீர் சதுக்கத்தின் ரோஜா நிறப் பழைய மியூசியம் 1902-ல் திறந்தது, இன்னும் இருக்கிறது. ஜோசரின் அசல் சிலையை அங்கே தேடுங்கள். கூஃபுவுக்கு முழுதாகக் கிடைத்த சிலை ஒன்றே ஒன்றுதான், தந்தத்தில் ஏழரை சென்டிமீட்டர். எகிப்தின் மிகப் பெரிய பிரமிடைக் கட்டியவர் விரலளவில் உட்கார்ந்திருக்கிறார்.

மன்னர்களின் உடல்கள் 2021 ஏப்ரல் 3 அன்று ஊர்வலமாக ஃபுஸ்தாத்தில் உள்ள தேசிய நாகரிக மியூசியத்துக்குப் போயின, மொத்தம் 22. அங்கே இரண்டாம் ராம்சஸின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அவரைப் பதப்படுத்தியவர்கள் மூக்குக்குள் மிளகு வைத்திருந்தார்கள். இறந்தது கி.மு. 1213; மிளகு விளைந்தது அப்போது தென்னிந்தியாவின் மேற்கு மலைகளில். எந்த வழியாக, யார் கையில் போனது என்பதற்குத் தடயமில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியதாகச் செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகக் கோயில் ஒன்றில் ஏழரை கிலோ மிளகு ஒரே ஜாடியில் கிடைத்தது. அதே கரையில் குசைர் அல்-காதிமில் தமிழ்-பிராமி எழுதிய பானை ஓடுகள் வந்தன. தமிழ்ப் பயணிகள் சிலர் அந்தத் துறைமுகங்களுக்கும் போக வேண்டும் என்று ஆசைப்படுவது உண்டு. பாலைவனத்தில் நெடுந்தூரம் போய்ப் பார்ப்பதற்கு மணலும் தாழ்ந்த சுவர்களும்தான் இருக்கும். ராம்சஸின் மூக்கு போதும்.

கீஸா பக்கத்துப் பெரிய மியூசியம் 2025 நவம்பர் 1-ல் முறைப்படி திறந்தது. துத்தன்காமுனின் பொருட்கள் முழுவதும் ஒரே இடத்தில் காட்சிக்கு வந்தது இதுவே முதல்முறை. வாசலில் நிற்கும் 83 டன் ராம்சஸ் சிலை 2006 வரை கெய்ரோ ரயில் நிலையத்துக்கு எதிரே பஸ் புகையில் நின்றது. டிக்கெட் நேரம் குறித்தது; இணையத்தில் முன்கூட்டியே எடுக்காமல் போய் நிற்க வேண்டாம். அரை நாளில் முடியாது. அதனால் ஊரிலிருந்து விமானம் போடும்போதே திரும்பும் விமானம் நள்ளிரவு வாக்கில் இருக்கும்படி பாருங்கள். அன்று ஓட்டலைக் காலி செய்து, பெட்டியை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, திறக்கிற நேரத்துக்கே போய்விடலாம்.